பெங்களூரு ஸ்டேக்ஹவுஸில் தலைக்கு 4,000 ரூபாய்: கொடுக்கலாமா?

கிருஷ்ணகிரி பழையபேட்டை
90 கிலோமீட்டர் போய், ரெண்டு பேருக்கு எட்டாயிரம் பில் கட்டி ஸ்டேக் (தடியா வெட்டிச் சுட்ட கறித்துண்டு) சாப்பிடுறது தகுமா? சமைக்கிறவங்க, கறி வெட்டுறவங்க, பில் போடுறவங்க கண்டதை எழுதுங்க. "ஆம்பியன்ஸ் சூப்பர்"னு மட்டும் யாரும் எழுத வேணாம்.

ஓசூர் அடுப்படி
தட்டுல வர்றது என்ன மிருகம்னு முதல்ல தெளிவாகட்டும். கர்நாடகாவோட 2020 சட்டப்படி பசு, கன்று, காளை, எருது எதையும் வெட்டக்கூடாது. எருமைன்னா 13 வயசு ஆகியிருக்கணும். மாட்டுக்கறி இறக்குமதிக்கும் நம்ம நாட்டுல அனுமதி இல்ல. அதனால பெங்களூருல சட்டப்படி கிடைக்கிற உள்ளூர் ஸ்டேக் வயசான எருமைதான். மெனுல 'வாக்யூ'ன்னு (கொழுப்பு இழை நிறைஞ்ச ஜப்பான் மாட்டு வகை) இருந்தா, "எங்கேருந்து வருது?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. பதில் வழவழன்னு வந்தா அந்தப் பக்கத்தைத் திருப்பிடுங்க.

எருமைக்கறி கருஞ்சிவப்பா இருக்கும், கொழுப்பு வெள்ளையா இருக்கும். தசைக்குள்ள கொழுப்பு இழை ஓடுறது ரொம்பக் குறைவு. ஜப்பான்காரன் சொல்ற ஏ5 தரம், ஆஸ்திரேலியாவோட மார்பிள் ஸ்கோர் எல்லாம் முக்கியமா அந்த இழையை வெச்சுப் போடுற மார்க். நம்ம எருமைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

மெனுல 'டெண்டர்லாயின்'னு போடுறதைத்தான் கறிக்கடையில அண்டர்கட்னு கேட்டு வாங்குறோம். முதுகெலும்புக்கு அடியில கிடக்கிற, வேலையே செய்யாத தசை. கிழட்டு எருமையிலயும் அது மெத்துன்னுதான் இருக்கும். ரிப்ஐ, அதாவது விலாப் பக்கத்துக் கறி, அப்படி இல்ல. வயசானா நார் இறுகிடும். பெங்களூருல ரிப்ஐக்குக் கூடுதல் காசு கொடுக்கிறதை விட அண்டர்கட் கேளுங்க, இல்லைன்னா ஆட்டு சாப்ஸ் கேளுங்க.

பாலக்கோடு கத்தி
கறி மெத்துன்னு இருக்கிறது பாதி வெட்டுல, மீதி நாள்கணக்குல. வெட்டின சில மணி நேரத்துல தசை விறைச்சுக்கும். ஞாயித்துக்கிழமை காலையில வாங்கி மத்தியானமே கல்லுல போட்டா ரப்பர் மாதிரி இருக்கிறதுக்கு அதுதான் காரணம். குழம்புன்னா குக்கர் காப்பாத்திடும். ஸ்டேக்கை யாரும் காப்பாத்த முடியாது. 2–4 டிகிரி குளிர்ல சில நாள் கிடந்தா, கறியில இருக்கிற நொதிகளே நாரைத் தளர்த்திடும். வெட்டின சூட்டோட ஃப்ரீசர்ல போட்டா தசை சுருங்கி இன்னும் கெட்டியாகும்.

'ட்ரை ஏஜ்டு', அதாவது குளிர் அறையில காய வெச்ச கறின்னு போட்டு ரேட்டை ஏத்துறாங்களே, அது சும்மா இல்ல. 1–3 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் சுமாரு, காத்து ஓடுற அறை, 28 நாளுக்கு மேல. ஈரம் போயி, காஞ்ச மேல்தோலையும் சீவி எறிஞ்சா எடையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல காலி. ஆனா அதுக்கு எலும்போட, மேல கொழுப்புப் போர்வையோட பெரிய துண்டு வேணும். 'ட்ரை ஏஜ்டு டெண்டர்லாயின்'னு எழுதியிருந்தா சந்தேகப்படுங்க. அண்டர்கட்டுக்குப் போர்வை கிடையாது. காஞ்சதைச் சீவினா மிஞ்சுறது குச்சிதான்.

தருமபுரி பில்புக்கு
மெனு விலையைப் பார்த்துட்டு வீட்டுல கணக்குப் போடாதீங்க. தனி ரெஸ்டாரன்ட்டுன்னா ஜிஎஸ்டி 5 சதவீதம். அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாயைத் தாண்டுற நட்சத்திர ஓட்டலுக்குள்ள இருந்தா 18. 6,000 ரூபாய்க்குச் சாப்பிட்டா தனி ரெஸ்டாரன்ட்டுல 6,300. நட்சத்திர ஓட்டல்ல 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போட்டு, அதுக்கும் சேர்த்து வரி போட்டா 7,788. அதே கறி, 1,488 ரூபாய் வித்தியாசம்.

சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்ல. நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022லயே சொல்லிடுச்சு, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சுல அதை உறுதி பண்ணிடுச்சு. "எடுத்துடுங்க"ன்னு சொன்னா எடுக்கணும். மல்லுக்கு நின்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போடலாம்.

இன்னொண்ணு, மெனுல போட்டிருக்கிற 250 கிராம் வழக்கமா பச்சைக் கறி எடை. மீடியமா (நடுத்தர வேக்காடா) வெந்து வரும்போது 200 இருந்தா சரி. டி-போன், அதாவது 'T' வடிவ எலும்போட வர்ற துண்டுன்னா, எலும்பும் அந்த எடைக்குள்ளதான்.

ஓசூர் அடுப்படி
எடையை விடுங்க, வேக்காடுதான் விஷயம். நடுவுல 54–57 டிகிரின்னா மீடியம் ரேர் (உள்ள சிவப்பா), 60–63 மீடியம், 71 தாண்டினா வெல்டன் (முழுசா வெந்தது). ரத்தம் மாதிரி வடியுறது ரத்தம் இல்ல, மயோகுளோபின்ங்கிற தசைப் புரதம் கலந்த தண்ணி. அதைப் பார்த்தாலே குமட்டும், வெல்டன்தான் வேணும்னா, அந்தக் காசுக்கு ஊர்லயே நல்ல மட்டன் சுக்கா சாப்பிடுங்க. குறை சொல்லலை, வெல்டன் பண்ணினா நாலாயிரம் ரூபாய் துண்டுக்கும் நானூறு ரூபாய் துண்டுக்கும் வாயில பெரிசா வித்தியாசம் தெரியாது.

தட்டு வந்ததும் மூணு பாருங்க. மேல்பக்கம் கரும்பழுப்பா, காஞ்சு இருக்கணும். சாம்பல் நிறமா இருந்தா கல்லு சூடு பத்தலை, இல்ல கறி ஈரமா இருந்திருக்கு. நடுவுல வெட்டினா ஓரத்திலேர்ந்து உள்ள வரைக்கும் ஒரே நிறமா இருக்கணும். ஓரத்துல தடியா சாம்பல் பட்டை இருந்தா அவசரமா சுட்டது. வெட்டின உடனே தட்டுல குளம் கட்டினா ஆற விடலை. கேட்டதை விட அதிகமா வெந்திருந்தா முதல் வாயிலேயே திருப்பி அனுப்புங்க. பாதி தின்னுட்டுச் சொன்னா யாரும் மதிக்க மாட்டாங்க.

காரிமங்கலம் கிராக்கி
இதெல்லாம் தெரிஞ்சா வீட்டுலயே பண்ணலாமே! அத்திப்பள்ளி டோல், சில்க் போர்டு நெரிசல் எல்லாம் எதுக்கு?

பாலக்கோடு கத்தி
பண்ணலாம் அண்ணே. முந்தின நாள் வெட்டி, குளிர்ல வெச்ச அண்டர்கட்டா கேளுங்க. மேல வெள்ளியா ஒட்டியிருக்கிற சவ்வைக் கத்தி நுனியால உரிச்சுடணும், இல்லைன்னா கல்லுல பட்டதும் துண்டு வளைஞ்சுக்கும். 4 செ.மீ. தடிமன். 2 செ.மீ.ன்னா மேல சிவக்கிறதுக்குள்ள உள்ள வெந்து முடிஞ்சிடும். 250 கிராமுக்கு அரை டீஸ்பூன் உப்பு தடவி, மூடாம ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ்ல வெச்சா மேல காஞ்சிடும்.

தடிமனான இரும்பு தோசைக்கல்லே போதும். தண்ணி தெளிச்சா உருண்டு ஓடுற சூடு வரட்டும், அப்புறம் கடலெண்ணெய். நிமிஷத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடுங்க, மொத்தம் 8–10 நிமிஷம். கடைசி நிமிஷத்துல வெண்ணெய், நசுக்கின பூண்டு. முதல்லயே போட்டா கருகிக் கசக்கும். கல்லுல ஒரே நேரத்துல ரெண்டு துண்டுக்கு மேல வேணாம், தண்ணி விட்டு அவிஞ்சிடும். இறக்கி 6 நிமிஷம் ஆறட்டும், நாருக்குக் குறுக்க வெட்டுங்க.

ஒரே ஒரு கண்டிஷன்: தெருக்கடையில வாங்கின கறியை மீடியம் ரேரா தின்னாதீங்க. நாடாப்புழுவோட இளம்புழுப் பை இருக்கலாம். நடுவுல 63 டிகிரி தொட்டு, மூணு நிமிஷம் நிக்கணும்.

கிருஷ்ணகிரி பழையபேட்டை
63ன்னு தோசைக்கல்லுல எப்படித் தெரியும்? விரலால அழுத்திப் பார்க்கலாமா?

ஓசூர் அடுப்படி
விரல் கணக்கு ஆயிரம் துண்டு சுட்டவனுக்கு. குத்துற ஊசி தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்குங்க. மேலேர்ந்து குத்தாதீங்க, பக்கவாட்டுல, ஊசி முனை சரியா நடுவுல நிக்கிற மாதிரி. 60 காட்டும்போதே இறக்கிடுங்க, ஆறும்போது மூணு டிகிரி தானா ஏறும். ஏறலைன்னா திரும்ப ஒரு நிமிஷம் கல்லுல.