மறு: எண்ணெய்ப் பஞ்சமா, எண்ணெய் ஒதுங்கலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஓடும் எஞ்சினில் ஆயில் பம்புக்கு எண்ணெய் கிடைக்காமல் போவதை ஆயில் ஸ்டார்வேஷன் என்பார்கள்; அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். எண்ணெய்ப் பஞ்சம், எண்ணெய் வறட்சி, எண்ணெய்ப் பட்டினி என்று மூன்று சொற்கள் வந்தன. மூன்றும் காதுக்கு நன்றாகத்தான் இருக்கின்றன. ராமநாதபுரத்துக்காரனுக்குப் பஞ்சத்தையும் வறட்சியையும் யாரும் விளக்க வேண்டியதும் இல்லை. ஆனாலும் மூன்றும் வேண்டாம் என்கிறேன். ஏன் என்று கேட்டால் என் எஞ்சினைத்தான் காட்ட வேண்டும். அது இப்போது உச்சிப்புளியில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் பிரித்துப் போட்டுக் கிடக்கிறது.

கார் பழைய 1.3 லிட்டர் பெட்ரோல். சஸ்பென்ஷனைத் தாழ்த்தி, நன்றாகப் பிடிக்கும் டயர் போட்டு, வருடத்துக்கு இரண்டு முறை லாரியில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்துக்குக் கொண்டுபோவேன். 3.7 கிலோமீட்டர் சுற்று. அங்கே நீண்ட வலது வளைவு ஒன்றில் ஆயில் பிரஷர் முள் 50 பிஎஸ்ஐயிலிருந்து (அழுத்த அலகு) 10க்கு விழுந்து, வளைவு முடிந்ததும் எழுந்தது. உடன் வந்தவர்கள் "ஸ்டார்வேஷன்" என்றார்கள். நான் மனதுக்குள் அதைப் பஞ்சம் என்று மொழிபெயர்த்துக்கொண்டேன். பஞ்சம் என்றால் என்ன செய்வோம்? இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம். அரை லிட்டர் கூடுதலாக விடுவது ஓட்டுபவர்களிடம் உள்ள பழக்கம்தான். நான் ஒரு லிட்டருக்கு மேல் விட்டேன். அடுத்த முறை ஓடியபோது எண்ணெய் மட்டம் ஏறி, அடியில் சுழலும் கிராங்க் தண்டு அதை மோர் கடைகிற மாதிரி கடைந்து நுரையாக்கிவிட்டது. நுரையைப் பம்ப் எவ்வளவு தள்ளினாலும் அழுத்தம் நிற்காது. ஆறாவது சுற்றில் டொக் டொக் என்று சத்தம். அவ்வளவுதான்.

பிரித்துப் பார்த்தால் மூன்றாவது கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) பேரிங்கில் மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிகிறது. கிராங்கில் விரல் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு. இந்த பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி 0.05 மிமீ கூட இருக்காது. அதில் நிற்கும் எண்ணெய்ப் படலம்தான் இரண்டையும் ஒட்டவிடாமல் காப்பாற்றுகிறது. ராடு பேரிங் முதலில் போனதற்கும் காரணம் உண்டு. எண்ணெய் முதலில் கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங்குக்குப் போய், கிராங்கின் உள்ளே போட்ட துளை வழியாகத்தான் ராடுக்கு வருகிறது. கடைமடை வயல் மாதிரி. (இடையில் ஒன்று: பேரிங்கைத் 'தாங்குருளை' என்று எழுதுபவர்கள் இதைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். இதில் உருளையே கிடையாது, இரண்டு அரைவட்டத் தகடுகள்தான். 'தாங்கி' போதும்.)

சரி, சொல்லுக்கு வருகிறேன். எஞ்சினைப் பார்க்கப் பாம்பனிலிருந்து படகு மெக்கானிக் ஒருவர் வந்தார். டீசல் படகு எஞ்சின்களிலேயே முப்பது வருடம் கழித்தவர். எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டியான ஆயில் சேம்பரைக் கழற்றிக் கையில் வைத்துச் சாய்த்துக் காட்டினார். "எண்ணெ எங்கயும் போகல தம்பி, ஓரமா ஒதுங்கிருச்சு. கச்சான் காத்துல படகு சாயும்போது டேங்குல அரை டீசல்தான் இருந்தா இதே கதைதான். டீசல் ஒரு பக்கம் ஒதுங்கும், பைப்பு காத்தைப் புடிக்கும். அப்புறம் நடுக்கடல்ல உக்காந்து ஏர் எடுக்கணும்."

கணக்கும் அவர் பக்கம்தான். வளைவில் பக்கவாட்டு விசை 1 ஜி, அதாவது புவியீர்ப்புக்குச் சமமாக, வந்தால், சேம்பருக்குள் எண்ணெயின் மேற்பரப்பு 45 பாகை சாய்ந்து நிற்கும். மூன்றரை லிட்டரும் இடது சுவரில் ஏறி நிற்கிறது. பம்புக்கு எண்ணெயை உறிஞ்சும் வலைவாய், அதாவது ஸ்ட்ரெய்னர் வாய், நடுவில் வெறுமனே கிடக்கிறது. எண்ணெய் இருக்கிறது, வாய்க்கு எட்டவில்லை. இதைப் பஞ்சம் என்று எப்படிச் சொல்ல?

நான் முதலில் 'காற்றிழுப்பு' என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் காற்றை இழுக்கத்தான் செய்கிறது, அது அதன் பிழைப்பு. குழப்பம் வரும். அடுத்து 'எண்ணெய் உள்வாங்கல்'. மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் கடல் உள்வாங்கியது என்று செய்தி வராத வருடம் உண்டா? படகெல்லாம் தரைதட்டி நிற்கும், தண்ணீர் எங்கோ போயிருக்கும், பிறகு திரும்பி வரும். படம் அப்படியே பொருந்துகிறது. ஆனால் இந்த ஊரைத் தாண்டிய வாசகருக்கு உள்வாங்குதல் என்றால் உள்ளே எடுத்துக்கொள்வது. பம்ப் எண்ணெயை உள்வாங்கியது என்று படித்தால் எல்லாம் நலம் என்று நினைத்துவிடுவார்.

ஆகவே மெக்கானிக் சொன்னதையே எடுத்துக்கொள்கிறேன்: எண்ணெய் ஒதுங்கல்.

'தளும்பல்' ஏன் கூடாது என்றும் கேட்பீர்கள். நிறைகுடம் தளும்பாது என்று எல்லாரும் எடுத்துக்கொண்டு வருவீர்கள் என்று தெரியும்! நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். தள்ளுவண்டியில் குடம் குடமாகத் தண்ணீர் தள்ளிக்கொண்டு வரும் பெண்கள் குடத்து வாயில் பூவரச இலையோ வேப்பங்கொத்தோ போட்டிருப்பார்கள், தளும்பாமல் இருக்க. தண்ணீர் லாரிக்குள் தடுப்புத் தகடு இருப்பதும் அதற்குத்தான். ஆனால் தளும்பல் போய்ப் போய் வருவது. நீண்ட வளைவில் எண்ணெய் ஆடுவதில்லை. ஐந்தாறு நொடி ஒரே பக்கம் ஏறி நின்றுவிடுகிறது. இலையும் ஓட்டைத் தகடும் ஆட்டத்தைத் தணிக்கும். நின்றுவிட்டதை அவற்றால் திருப்ப முடியாது.

அதனால் சேம்பருக்குள் நான் செய்யப் போவது வேறு. ஸ்ட்ரெய்னரைச் சுற்றி நான்கு பக்கமும் தகடு வைத்து ஒரு பெட்டி, ஒவ்வொரு தகட்டிலும் உள்பக்கம் மட்டும் திறக்கும் கீல் கதவு. எண்ணெய் உள்ளே வரும், வெளியே போகாது. இதைக் கேட்டதும் மெக்கானிக் சிரித்துவிட்டார். "இது மீன்கூடுல்ல!" கீழக்கரைப் பக்கம் கடலுக்குள் இறக்குவார்களே, அதேதான். மீன் வாய் வழியாக உள்ளே போகும், திரும்பத் தெரியாது. ஆகவே இரண்டாவது சொல்: எண்ணெய்க்கூடு.

மற்ற வேலை வழக்கமானது: கிராங்கை 0.25 மிமீ கிரைண்டிங், தேய்த்துச் சிறுத்த கிராங்குக்கேற்ற அண்டர்சைஸ் பேரிங், புது ஆயில் பம்ப். ஆயில் கூலரைக் கழுவிப் போடலாம் என்றார்கள். மாட்டேன் என்றேன். அதன் நுண்குழாய்களில் தங்கிய உலோகத்தூள் புது பேரிங்கையும் தின்றுவிடும். எண்ணெயைச் சேம்பரில் தங்கவிடாமல் தனித் தொட்டியில் வைக்கும் உலர் சம்ப் மேல் ஆசை இருக்கிறது, காசு இல்லை.

சொற்களைப் பற்றி உங்கள் கருத்து?

உச்சிப்புளியிலிருந்து

*

தம்பிக்கு,

ஒதுங்கல் நல்ல சொல். ஆனால் பெயராக்கும்போது கவனம் வேண்டும். நம் குழுவில் யாராவது அழகு பார்த்து அதை 'ஒதுக்கம்' என்று மாற்றுவார்கள். கூடாது. ஒதுக்கு பிறவினைப் பக்கம் போய்விடும். எண்ணெய் ஒதுக்கம் என்றால் பட்ஜெட்டில் எண்ணெய்க்குப் பணம் ஒதுக்கியதாகப் படும். ஒதுங்கு தன்வினை, எண்ணெய் தானாக நகர்கிறது, அதுவே இங்கு நடப்பது. திமிங்கிலம் கரை ஒதுங்கியது என்று எழுதும்போது யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

கிராமத்தில் 'ஒதுங்கப் போவது' என்றால் வேறொன்று. வகுப்பில் இந்தச் சொல்லைச் சொன்னால் பின்பெஞ்சு சிரிக்கும். சிரிக்கட்டும், அப்படியே மனதில் நின்றுவிடும்.

என் கேள்வி இது. வளைவில்தான் ஒதுங்குமா? பிரேக் அடித்தால்?

தொண்டியிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியன்

*

ஐயாவுக்கு வணக்கம்.

பிரேக் அடித்தால் முன்பக்கம் ஒதுங்கும், வேகமெடுத்தால் பின்பக்கம். சொல் எல்லாத் திசைக்கும் தாங்குகிறது. ஒதுக்கம் வேண்டாம் என்பதையும் ஏற்கிறேன்.

துபாயிலிருந்து தனி மடலில் ஒருவர், சாதாரணச் சாலையில் ஓடும் காருக்கு இதெல்லாம் வருமா என்று கேட்டிருந்தார். எண்ணெய் அளவு சரியாக இருந்தால் பயப்பட வேண்டாம். சாலையில் அவ்வளவு விசையோடு அவ்வளவு நேரம் யாரும் திரும்புவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டி தாண்டிய பிறகு திரும்புவதற்கு வளைவே இல்லை.

கூடு தயாராகிவிட்டது. நேற்று ராமநாதபுரம் லேத் பட்டறையில் சோதித்தோம். சேம்பரில் மூன்றரை லிட்டர் விட்டு, பலகையில் வைத்து 45 பாகைக்குச் சாய்த்தோம். 1 ஜிக்கு நிலையான சாய்வு அதுதான், அதற்குக் கார் தேவையில்லை. பழைய சேம்பரில் ஸ்ட்ரெய்னர் வாய் உடனே வெளியே தெரிந்தது. கூடு வைத்ததில் வாய் முழுகியே இருந்தது. ஒரு கதவு மட்டும் சரியாக மூடாமல் கசிந்தது, வெல்டிங் சூட்டில் தகடு வளைந்திருக்கிறது. அதைத் தட்டி நேராக்கியாயிற்று.

பட்டறைக்காரரிடம் இரண்டு சொற்களையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "ஒதுங்குனா ஒதுங்கட்டும் சார், கூட்டுக்குள்ள இருக்குறது போதும்" என்றார். பில்லில் 'ஆயில் கூடு – 1' என்று எழுதித் தந்திருக்கிறார். ஆசிரியர் ஐயா மன்னிக்கவும்.