தொகும் இணைப்புச்சொல் – என் பரிந்துரை

ஐயா, வணக்கம்.

ஆங்கிலத்தில் ஒரு பெயரையும் அதை விவரிக்கும் தொடரையும் இணைக்கிற ‘தட்’, ‘ஹூ’, ‘விச்’ போன்ற சொற்களில் (relative pronoun), விட்டுவிடத்தக்கதற்கு ‘விருப்பப் பெயர்’ என்று நீங்கள் முன்வைத்த சொல்லை இரண்டு நாளாக மனத்தில் போட்டுப் புரட்டிப் பார்த்தேன், ஒட்டவில்லை. விருப்பப் பாடம், விருப்ப ஓய்வு என்பதுபோல, வேண்டியவர் வைக்கலாம், வேண்டாதவர் விடலாம் என்ற எண்ணம் அதில் வந்துவிடுகிறது. ஆங்கிலம் அவ்வளவு தாராளம் காட்டுவதில்லை. ‘தி புக் தட் ஐ பாட்’ (நான் வாங்கிய புத்தகம்) என்பதில் ‘தட்’டை எடுத்துவிடலாம், அது ‘பாட்’ என்ற வினைக்குச் செயப்படுபொருள். ‘தி பாய் ஹூ கேம்’ (வந்த பையன்) என்பதில் ‘ஹூ’ எழுவாய். அதை எடுத்தால் ‘பையன் வந்தான்’ என்று வாக்கியமே முடிந்துபோகும். ‘தி ஹவுஸ் இன் விச் ஐ லிவ்’ (நான் வசிக்கும் வீடு) என்பதுபோல ‘இன் விச்’ என்று வந்தாலும் ‘விச்’சை அசைக்க முடியாது. ‘தி ஹவுஸ் ஐ லிவ் இன்’ என்று ‘இன்’னைக் கடைசிக்குத் தள்ளிய பிறகுதான் விடலாம்.

உருவம் மறைந்தும் வேலை நிற்பதற்கு நம்மிடம் சொல் இருக்கிறதே! ‘கரும்பு தின்றான்’ என்பதில் ‘ஐ’ உருபு தொக்கி நிற்கிறது என்று பள்ளிப் பிள்ளைகளே சொல்வார்கள். அங்கேயும் மறைவது செயப்படுபொருளின் அடையாளம்தான். ஆகவே விடத்தக்கதைத் ‘தொகும் இணைப்புச்சொல்’ என்றும், விடக்கூடாததைத் ‘தொகா இணைப்புச்சொல்’ என்றும் சொல்லலாம். ‘தொகுபெயர்’ என்று சுருக்கினால் கூட்டத்தைக் குறிக்கும் தொகுதிப்பெயரோடு மோதும்.

‘பெயர்’ என்னாமல் ‘சொல்’ என்றதற்கும் காரணம் உண்டு. ‘இன் விச்’ சரி, ‘இன் தட்’ கிடையாது. ‘தட்’ பெயரே அல்ல, வெறும் இணைப்பிடைச்சொல் என்று கொள்ளும் இலக்கணிகள் இருக்கிறார்கள். அந்த வழக்கு எப்படி முடிந்தாலும் ‘சொல்’ தாங்கும்.

இணைப்புச்சொல்லால் பெயரோடு சேரும் ஆங்கிலத் தொடர் முழுவதையும் ‘பெயரெச்சத் தொடர்’ என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். ‘நான் வாங்கிய’ எச்சம். ‘ஐ பாட்’ முற்று. என்னிடம் படிக்கும் மாணவி ஒருத்தி ‘தி லெட்டர் ஷி ரோட் வாஸ் லாங்’ என்பதைக் ‘கடிதம், அவள் எழுதினாள், நீளமாக இருந்தது’ என்று மூன்று துண்டாக்கினாள். இரண்டு முற்றுவினைகளைப் பார்த்துத் தடுமாறிவிட்டாள். ‘லெட்டர்’ருக்குப் பக்கத்தில் பென்சிலால் ‘தட்’ என்று எழுதிக் காட்டியதும், ‘அவள் எழுதிய கடிதம்’ என்று தானே சொன்னாள்.

இணைப்புச்சொல் தொக்க இத்தகைய தொடரை டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் ‘காண்டாக்ட் கிளாஸ்’ (contact clause, பெயரை நேராகத் தொட்டு நிற்கும் தொடர்) என்றார். அதற்குத் ‘தொடுதொடர்’ பொருந்துமா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.