லைட்-அப் ப்ரோப்: பற்றொளிரியா, அவிழொளிரியா?

அண்ணா வணக்கம்,

லைட்-அப் ப்ரோப்னா, மொதல்ல ஒளிராம இருந்து, செல்லுக்குள்ள தேடற பொருளையோ நொதியையோ சந்திச்சதும் ஒளிர ஆரம்பிக்கற சாயம். அதுக்குத் தமிழ்ல போன மடல்ல நீங்க சொன்ன ‘பற்றொளிரி’ (பொருளைப் பற்றினா ஒளிர்றது) கேக்க நல்லாத்தான் இருக்குங்க, ஆனா பாதிக்குத்தான் பொருந்துது. வேதியியலாளர் ரோஜர் ட்சியனோட குழு 1989-ல வெளியிட்ட ஃப்ளூவோ-3ங்கற சாயம் கால்சியத்தைப் பிடிச்சதும் ஒளிருது, அதுக்குச் சரி. ஃப்ளூரசீன் டைஅசிடேட்ங்கற இன்னொரு சாயம் எதையும் பிடிக்கறதில்லையே? செல்லுக்குள்ள எஸ்டரேஸ் நொதி அதோட ரெண்டு அசிடேட்டையும் வெட்டி விட்டாத்தான் பச்சை வரும்.

இதைக் கோயம்புத்தூர்ல ஒரு லேப்ல கண்ணால பாத்தேன். உள்ளித்தோல்ல (வெங்காயந்தான், கேரளாவுல பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்களுக்கு உள்ளி) ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்ல நீல வெளிச்சம் அடிச்சாங்க, மொதல்ல ஒண்ணுமே தெரியல, கொஞ்ச நேரத்துல ஒவ்வொரு செல்லோட ஓரத்துலயும் பச்சைக் கோடு ஏறுது, நடுவுல வாக்குவோல்ங்கற நீர்ப்பை அடைச்சுக்கிட்டு சைட்டோபிளாசத்தை (செல்லுக்குள்ள இருக்கற கூழை) ஓரத்துக்குத் தள்ளியிருக்கறதால அப்படி. வெந்நீர்ல முக்கி எடுத்த துண்டு கடைசி வரைக்கும் இருட்டுதான். உசுரோட இருக்கற செல்லு மட்டும் தன்னைக் காட்டிக் குடுக்குது, எனக்கு அப்படியே சிலிர்த்துப் போச்சு. எப்பவும் ஒளிர்ற சாயமா இருந்தா மிச்சத்தைக் கழுவணும், உயிருள்ள செல்லுக்குள்ள போனதை எங்க போய்க் கழுவறது? அதனாலதான் இந்த வகையே வந்துச்சு, வெறும் ‘ஒளிர்சாயம்’னு வெச்சா அந்த வித்தியாசமே போயிரும்.

என் பரிந்துரை ‘அவிழொளிரி’. டைஅசிடேட்ல மூடிக் கெடந்த லாக்டோன்ங்கற அணு வளையம் அசிடேட் போனதும் அவிழுது. 2013-ல வேதியியலாளர் காய் யோன்சனோட குழு கொண்டுவந்த சிலிக்கான் ரோடமின் சாயமும் கிட்டத்தட்ட இதே கதைதான், புரதத்துல ஒட்டினதும் மூடின வடிவம் திறந்துக்குது. ஃப்ளூவோ-3ல வளையம் எதுவும் தெறக்கறதில்ல, நைட்ரஜன்ல இருந்து எலெக்ட்ரான் தாவி ஒளியை அணைச்சுக்கிட்டே இருக்கும், கால்சியம் வந்து அந்த எலெக்ட்ரானை இழுத்துப் பிடிச்சதும் தாவறது நிக்குது, அணைப்பு விலகுது. அதையும் கட்டு அவிழ்றதுன்னு தாராளமா சொல்லலாம். ஆக பிடிச்சாலும் வெட்டினாலும் இந்த ஒரே சொல் தாங்கும்.

‘எரி’ சேக்கணும்னு இன்னொருத்தர் எழுதியிருந்தாரு. பல்பு எரியுதுன்னு நாம சொல்றோம், இங்க மலையாளத்துல லைட் ‘கத்துன்னு’ம்பாங்க, அதுக்கும் எரியுதுன்னுதான் அர்த்தம், எங்க பசங்க ரெண்டையும் கேட்டு வளர்றாங்க, அதனால சாயமும் சூடாகி எரியுதுன்னே நெனச்சுக்குவாங்க. வேண்டாங்க.

ஜிஎஃப்பி (ஜெல்லிமீன்ல இருந்து வந்த பச்சையா ஒளிர்ற புரதம்) ஒட்டின புரதங்களை இதுல சேக்க வேண்டாம், அது எப்பவும் ஒளிர்றது. சாயத்துக்கு அவிழொளிரி, ப்ரோபுக்கு அவிழொளிர் துழாவி, இப்படிப் பிரிச்சா போதும்னு நெனைக்கறேன். செல் உயிரியல் பாடம் எடுக்கறவங்க யாராவது வகுப்புல சொல்லிப் பாத்துட்டு எழுதுங்க, அதுக்கப்புறம் விக்சனரில ஏத்தலாம்.