வண்ணத்துக்கு அடியில் தேங்கியிருந்த ஈரம்

பழைய மரப் பாய்ப்படகு ஒன்றை நான் இரண்டு முறை சீரமைக்க நேர்ந்தது. முதல் முறை அவசரப்பட்டதுதான் அதற்குக் காரணம்.

அது 'மிரர்' வகைப் படகு. 1962-இல் ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னலும் சேர்ந்து வடிவமைத்த, 3.3 மீட்டர் நீளமுள்ள இந்தப் படகில், பிளைவுட் பலகைகளின் விளிம்புகளைச் செம்புக் கம்பியால் தைத்து, தையலின் மேல் கண்ணாடியிழை நாடாவைப் பிசினால் ஒட்டியிருப்பார்கள். வெளிப்பார்வைக்கு வண்ணம் மங்கியதைத் தவிர வேறு குறை தெரியாததால், உப்புத்தாள் தேய்த்து, பிரைமரும் இரண்டு கோட் வண்ணமும் அடித்து நீரில் இறக்கிவிட்டேன். சில வாரங்களிலேயே அடிப்புறத்தில் கொப்புளங்கள் கிளம்பின. ஒன்றைக் கத்தி முனையால் கீறியபோது பழுப்பு நிறத்தில் ஒரு துளி நீர் வழிந்தது. அதன் அடியில் இருந்த மரம், ஊறிய அட்டையைப் போல நகத்துக்கே பள்ளம் விழுந்தது.

இரண்டாம் முறை வண்ணம் முழுவதையும் நீக்கினேன். பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால், தூசி பறக்காதபடி நீர் தொட்டுத் தேய்ப்பதும் சுவாசக் கவசம் அணிவதும் கட்டாயம். பிறகு குத்தூசியால் அங்குலம் அங்குலமாகச் சோதித்ததில், பின்பலகையின் கீழ் மூலைகளிலும் நடுப்பலகையை நீருக்குள் இறக்குவதற்கான கூட்டின் அடியிலும் ஊசி தடையின்றி இறங்கியது. நீர் தேங்கும் இடங்களும் பலகையின் வெட்டுமுனைகளும்தான் முதலில் உளுத்துப்போகின்றன.

உலர வைப்பதற்குத்தான் மிகுந்த பொறுமை வேண்டியிருந்தது. படகை மிதக்க வைக்கும் காற்றறைகளின் மூடிகளைத் திறந்து, கூரை நிழலில், இருபுறமும் காற்றோடும்படி கட்டைகளின் மேல் படகைக் கவிழ்த்து வைத்து, ஈரமானி 12 சதவீதத்துக்குக் கீழே காட்டும் வரை வாரக்கணக்கில் காத்திருந்தேன். உளுத்த பகுதியை நல்ல மரம் தென்படும் வரை வெட்டியெடுத்து, பலகையின் கனத்தைப் போல 8 மடங்கு நீளத்துக்குச் சரிவாகச் சீவி, புதிய துண்டைப் பொருத்தினேன். வெட்டுமுனை பிசினை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே முதலில் எபாக்சி என்னும் பிசினை எதுவும் கலக்காமல் தடவி ஊறவிட்டு, அதன் பிறகே மரத்தூள் கலந்த கெட்டியான எபாக்சியை வைத்து ஒட்ட வேண்டும். இறுகிய எபாக்சியின் மேல் மெழுகு போல ஒரு படலம் படியக்கூடும். அதை நீர்விட்டுக் கழுவாமல் உப்புத்தாள் போட்டால், மேலே பூசும் வண்ணம் சரியாகப் பிடிக்காது.

வண்ணம் பூசுவதற்குத் துணைக்கு ஒருவர் இருப்பது நல்லது. ஒருவர் ரோலரால் மெல்லியதாகப் பரப்பிக்கொண்டே செல்ல, மற்றவர் பிரஷ் நுனியால் லேசாக வருடி, குமிழிகளை அடக்கிக்கொண்டு பின்தொடர வேண்டும். மாலைக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். காயாத பூச்சின் மேல் பனி இறங்கினால் பளபளப்பு மங்கிவிடும்.

ஒரு பருவம் முழுவதும் ஓடிய பின் அதே மூலைகளைக் குத்தூசியால் மீண்டும் சோதித்தேன், முனை இறங்கவில்லை. இப்போது படகைக் கரையேற்றியதும், பாயைச் சுருட்டுவதற்கு முன்பே காற்றறைகளின் மூடிகளைத் திறந்து விடுகிறேன்.