‘அம்மா வீடு, கும்பகோணம்’ குழுவில் ஒரு வாரம்

செவ்வாய்

நான் (காலை 5.20): எழுந்ததும் பாருங்கள். அம்மா ராத்திரி இரண்டு மணிக்கு வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். கேட்டால், “அப்பா வர நேரமாச்சு, அவர்கிட்ட சாவி இல்லை” என்கிறாள். அப்பா போய் இத்தனை வருஷம் ஆன பிறகு! கையைப் பிடித்துக் கூட்டி வந்து படுக்க வைத்தேன். பாப்பாவைச் சித்தி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள்.

சித்தி: பயப்படாதே கண்ணு. அக்காவுக்கு 78 ஆகிறது. எங்கள் மாமியாரும் கடைசியில் இப்படித்தான் இருந்தார். வயசானால் வருகிறதுதான்.

அண்ணன்: மறதி வியாதி ஆரம்பித்துவிட்டது போல. நான் சென்னைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

நான்: அண்ணா, போன வாரம்தான் சீட்டுக் கணக்கில் யார் எத்தனை தவணை பாக்கி என்று நோட்டைப் பார்க்காமல் சொன்னாள். கரண்ட் பில் கட்டச் சொல்லி எனக்கு ஞாபகப்படுத்தினதும் அவள்தான். அதற்குள் எல்லாமா மறந்துபோகும்?

அண்ணி: முதலில் இதைப் பார். வாய் கோணியிருக்கிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று தொங்குகிறதா? பேச்சு குழறுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடு. பக்கவாதமாக இருந்தால், ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

நான்: மூன்றும் இல்லை அண்ணி. காய்ச்சல் இல்லை. சுகர் மெஷினில் 112 காட்டுகிறது.

அண்ணி: சரி. மறதி வியாதி மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெதுவாக ஏறும். நாலைந்து நாளில் ஆளே மாறிப்போனால் அதை வயசு என்று விட்டுவிடக் கூடாது. வார்டில் இப்படி எத்தனையோ பேரைப் பார்க்கிறேன். சிறுநீரில் கிருமி, உப்புச்சத்து குறைவது, புது மாத்திரை, ஏன், மலச்சிக்கலாகக்கூட இருக்கும். அத்தைக்குப் புதிதாக ஏதாவது மாத்திரை கொடுத்தார்களா?

நான்: பிபி ஏறியிருக்கிறது என்று போன மாதம் மாற்றினார்கள்.
[மாத்திரை அட்டையின் படம்]

அண்ணி: குளோர்தாலிடோன் என்று இருக்கிறது பார், அது நீர் மாத்திரை. சிறுநீரோடு சோடியம் என்கிற உப்புச்சத்தையும் வெளியே தள்ளும். நல்ல மாத்திரைதான், எல்லாருக்கும் தொந்தரவு வராது. வயதான, மெலிந்த பெண்களுக்கு வர வாய்ப்பு அதிகம். அத்தை என்ன சாப்பிடுகிறார்கள்?

நான்: பிபிக்கு உப்பு ஆகாது என்று கஞ்சியில்கூட உப்புப் போடவிடுவதில்லை. இரண்டு வாய்க்கு மேல் இறங்கவும் இல்லை, குமட்டுகிறதாம். வெயிலுக்குத் தண்ணீர் மட்டும் சொம்பு சொம்பாகக் குடிக்கிறாள்.

அண்ணி: எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் பார்க்கச் சொல். சிறுநீரும் கொடு. மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டு. இன்றைய மாத்திரையை அவரைக் கேட்ட பிறகு கொடு. நாமாக உப்பைக் கரைத்துக் கொடுக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

நான்: பாப்பாவுக்கு இன்றைக்குக் கணக்குப் பரீட்சை. அவர் நைட் ஷிப்ட் முடிந்து வர எட்டரை ஆகும்.

சித்தி: பாப்பாவை நான் கொண்டுபோய் விடுகிறேன். பத்தாவது பரீட்சையை விட்டுவிட முடியுமா? ஹால் டிக்கெட்டை மட்டும் எடுத்து வை. நீ அக்காவைக் கவனி.

தம்பி: அக்கா, இப்போதுதான் பார்க்கிறேன். இங்கே ஷார்ஜாவில் நாலரை மணி. பணம் அனுப்பிவிட்டேன், கணக்குப் பார்க்காமல் செலவு செய். என்ன சொன்னார்கள் என்று உடனே போடு.

நான் (மதியம் 1.10): சோடியம் 117. குறைந்தது 135 இருக்க வேண்டுமாம். ஐசியுவில் சேர்த்துவிட்டார்கள். நீர் மாத்திரையை நிறுத்திவிட்டார் டாக்டர்.

தம்பி: அதை ஒரேயடியாக ஏற்றிவிட முடியாதா அண்ணி?

அண்ணி: கூடவே கூடாது. குறைந்த சோடியத்தை வேகமாக ஏற்றினால் மூளையே பாதிக்கும். ஒரு நாளைக்கு எட்டு, மிஞ்சினால் பத்து. அதற்கு மேல் விடமாட்டார்கள், அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். “ஏன் இன்னும் தெளியவில்லை” என்று யாரும் அவசரப்படுத்தாதீர்கள்.

சித்தி: பாப்பா நன்றாக எழுதியிருக்கிறாளாம். தயிர்சாதம் சாப்பிட்டாள். இன்றைக்கு என் வீட்டிலேயே படுத்துக்கொள்ளட்டும்.

புதன்

நான்: 124 வந்திருக்கிறது. ஆனால் என்னைத் தெரியவில்லை அண்ணி. போர்வை நுனியை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கை விரலால் முடிச்சுப் போட்டுப் போட்டு இழுக்கிறாள். பூத்தொடுக்கிறாளாம். “கனகாம்பரம் பத்தாது, இன்னும் கொஞ்சம் வாங்கு” என்று என்னைப் பார்த்துச் சொல்கிறாள். வெளியே வந்து அழுதுவிட்டேன்.

அண்ணி: அழாதேம்மா. எண் ஏறிய உடனே புத்தி தெளியாது, கொஞ்சம் பின்தங்கித்தான் வரும். அத்தையின் கண்ணாடியும் காது மிஷினும் எங்கே?

நான்: வீட்டில் அலமாரியில் இருக்கிறது.

அண்ணி: முதலில் அதை வரவழை. சரியாகக் கண்ணும் தெரியாமல் காதும் கேட்காமல் புது இடத்தில் படுத்திருந்தால் யாருக்குமே குழம்பும். இன்றைக்கு என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று அடிக்கடி சொல். “பூ எங்கே இருக்கிறது, இது போர்வை” என்று வாதாடாதே. தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருந்தால் போதும்.

அண்ணன்: நான் சாயங்காலம் வந்துவிடுவேன். ராத்திரி அனுமதிக்கிற நேரமெல்லாம் நான் இருக்கிறேன். நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு, பாப்பாவோடு இரு. அவளுக்கு அறிவியல் பாக்கி இருக்கிறதே.

வியாழன்

அண்ணன்: 130. காலையில் கண்ணாடியைப் போட்டுவிட்டேன். உற்றுப் பார்த்துவிட்டு, “நீ எப்போடா வந்தே, சாப்பிட்டியா?” என்று கேட்டாள். எனக்குப் பேச்சே வரவில்லை.

தம்பி: அண்ணா, ஒரு நிமிஷம் வீடியோவில் காட்டு.

சித்தி: மகாமகக்குளம் பக்கம் வந்திருந்தேன், காசி விஸ்வநாதரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருகிறேன்.

ஞாயிறு

நான்: அம்மா வீட்டுக்கு வந்தாச்சு. ஆஸ்பத்திரியில் இருந்தது எதுவும் ஞாபகம் இல்லை. நானும் சொல்லவில்லை.

அண்ணன்: சென்னைக்குக் கூட்டிப் போகிற பேச்சை இப்போது எடுக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். இருட்டிலும் கை தானாகப் போய் ஸ்விட்சைப் போடுகிற வீடு இது. எங்கள் பிளாட்டில் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று தேட வேண்டியிருக்கும்.

நான்: நானும் அதைத்தான் சொல்ல நினைத்தேன் அண்ணா. அம்மா என்னோடு இருக்கட்டும், எனக்குப் பாரமில்லை. ஆனால் அவளைக் கவனிப்பது என் ஒருத்தியின் வேலையாக ஆகிவிடக் கூடாது. பணம் வருகிறது, சந்தோஷம். ஆளும் வேண்டும்.

அண்ணன்: மாதத்தில் இரண்டாம் சனி, ஞாயிறு நான் அங்கே. நீ அந்த இரண்டு நாளும் எங்கே வேண்டுமானாலும் போ.

தம்பி: தினமும் ராத்திரி எட்டு மணிக்கு நான் வீடியோவில் வருகிறேன். அம்மா மாத்திரை போடுகிறதை என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வைப்பேன். ஏதாவது வித்தியாசமாகப் பேசினால் அன்றைக்கே குழுவில் போடுகிறேன்.

அண்ணி: அத்தையின் எல்லா மாத்திரையையும் ஒரே தாளில் எழுதிப் படம் எடுத்துக் குழுவில் போடு. யார் மாற்றினாலும் தேதியோடு புதுப் படம். பழைய அட்டையை அலமாரியில் விட்டு வைக்காதே. உப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று டாக்டர் சொன்னதையும் அதிலேயே எழுது. வெள்ளிக்கிழமை மறுபடியும் சோடியம் பார்க்க வேண்டும். அதற்கு வெறும் வயிறு தேவையில்லை, இட்லி கொடுத்தே கூட்டிப் போ.

நான்: சரி அண்ணி. பாப்பாவே எழுதித் தருகிறாளாம், அவள் கையெழுத்து அம்மாவுக்குப் புரியும். அண்ணா, இரண்டாம் சனி வரும்போது பாத்ரூமில் மாட்டக் கைப்பிடி இரண்டு வாங்கிக்கொண்டு வா. துருப்பிடிக்காததாகப் பார்.