நின்றிருந்த லாரியின் அடியில் கார் புகுந்த விபத்து: இழப்பீடு கோர முடியுமா?

கேள்வி

என் அக்காவின் கணவர் சென்ற மாதம் உளுந்தூர்பேட்டைக்கு அருகே நடந்த விபத்தில் இறந்துவிட்டார். விடிவதற்கு முன், நெடுஞ்சாலையின் இடது தடத்திலேயே பழுதாகி நின்றிருந்த சரக்கு லாரியின் பின்புறத்தில் அவர் ஓட்டிச் சென்ற கார் மோதி, கண்ணாடி வரை அடியில் புகுந்துவிட்டது. பின் இருக்கையில் இருந்த மகனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. லாரியில் விளக்கு எரியவில்லை. பின்னால் ஒரு மரக்கிளையையும் இரண்டு கற்களையும் மட்டும் வைத்திருந்தார்கள். ஆனால் முதல் தகவல் அறிக்கையில், மாமா அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டியதாக எழுதி, அவர் இறந்துவிட்டதால் மேல் நடவடிக்கையைக் கைவிட்டுவிட்டார்கள். அவருக்கு வயது 38, மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அக்கா, இரண்டு குழந்தைகள், மாமாவின் தாயார் ஆகிய நால்வரும் அவரை நம்பியே இருந்தார்கள். பின்னால் மோதியவர் மீதுதான் தவறு என்று எல்லோரும் சொல்கிறார்கள். இழப்பீடு கேட்க வழி இருக்கிறதா?

மறுமொழி 1 (விபத்து வழக்குகளை நடத்தும் வழக்குரைஞர்)

வழி இருக்கிறது, ஐயா. முதல் தகவல் அறிக்கை, இழப்பீட்டை முடிவு செய்யும் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின் கீழ்த் தாக்கலாகும் எம்சிஓபி எனப்படும் விபத்து இழப்பீட்டு மனுவில், எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதை மட்டுமே பார்ப்பார்கள். குற்றவியல் வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. பிறருக்கு ஆபத்தோ இடையூறோ விளையும்படி பொதுச்சாலையில் வாகனத்தை நிறுத்துவதை 122-ஆம் பிரிவு தடை செய்கிறது. நெடுஞ்சாலை நடுவே எச்சரிக்கை விளக்கின்றி நிறுத்தப்பட்ட கனரக வாகனத்தில் கார் மோதிய வழக்குகளில், கார் ஓட்டுநர் மீது பாதித் தவறைச் சுமத்திய உயர் நீதிமன்றத் தீர்ப்புகளை உச்ச நீதிமன்றம் 2018-இலும் 2024-இலும் ஏற்கவில்லை. அதே 2018-இல், முன்னே ஓடிக்கொண்டிருந்த லாரியின் மீது மோதிய இன்னொரு வழக்கில், போதிய இடைவெளி விடாத கார் ஓட்டுநரே பொறுப்பு என்றும் அந்நீதிமன்றம் சொன்னது. ஆகவே லாரி ஓடியதா நின்றதா, நின்றதென்றால் எப்படி நின்றது என்பதில்தான் உங்கள் வழக்கே இருக்கிறது.

தொகையைப் பார்த்தால் இதன் கனம் புரியும். இழப்பீட்டைக் கணக்கிடும் முறையை வகுத்த உச்ச நீதிமன்றத்தின் சரளா வர்மா, பிரணய் சேத்தி தீர்ப்புகளின்படி, ஆண்டு வருமானம் 3,60,000 ரூபாய். நிரந்தரப் பணி இல்லையென்றால் எதிர்கால உயர்வுக்கு 40 விழுக்காடு சேர்த்து 5,04,000. சார்ந்திருப்பவர்கள் நால்வர் என்பதால் சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கு கழித்து 3,78,000. இந்த ஆண்டுத் தொகையைப் பெருக்க, அவருடைய வயதுக்குரிய பெருக்கெண் 15. வருமான இழப்பு மட்டும் 56,70,000 ரூபாய். நிரந்தரப் பணி என்றால் 40-க்குப் பதில் 50 விழுக்காடு. அவர் மீது பாதித் தவறு என்று முடிவானால் தொகையும் பாதியாகிவிடும்.

மகனுக்குத் தனி மனு போடுங்கள். தந்தையின் தவறு என்று ஏதாவது இருந்தாலும் அதைப் பயணியாக வந்த பிள்ளையின் கணக்கில் கழிக்க முடியாது. அவனுக்குரிய முழுத் தொகையையும் லாரித் தரப்பிடமே கேட்கலாம். 164-ஆம் பிரிவில் தவறை மெய்ப்பிக்காமலே இறப்புக்கு 5 லட்சம் கிடைக்கும் என்று சொல்லி அவசரமாகக் கையெழுத்து வாங்க வருவார்கள். அந்தத் தொகையோடு கோரிக்கை முடிந்துவிடும் என்பதால் உங்கள் குடும்பத்துக்கு அது உகந்ததல்ல.

காலக்கெடுவில் கவனம் தேவை. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள திருத்தப்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு தாக்கலாக வேண்டும். அக்கா வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே தாக்கல் செய்யலாம்.

மறுமொழி 2 (ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர்)

தம்பி, லாரியின் பின்புறத்தைப் பற்றி யாராவது எழுதி வைத்தார்களா என்று முதலில் பாருங்கள். கனரகச் சரக்கு வாகனங்களின் பின்னால், கார் அடியில் புகாமல் தடுக்கும் கம்பி கட்டாயம். மத்திய மோட்டார் வாகன விதி 124-இல் அது வருகிறது, அதற்குரிய தரம் ஐஎஸ் 14812. சுமையில்லா நிலையில் அதன் கீழ் விளிம்பு தரையிலிருந்து 550 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. அந்தக் கம்பி உறுதியாக இருந்தால் காரின் முன்பகுதி நசுங்கி மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்ளும், காற்றுப்பையும் சீட் பெல்ட்டும் தம் வேலையைச் செய்யும். அது இல்லாவிட்டால் பானெட் அடியில் நுழைந்து, லாரியின் தளம் நேராகத் தலை உயரத்துக்கு வந்துவிடுகிறது. நான் ஆய்வு செய்த லாரிகளில் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்கும் நாளில் பளபளவென்று இருந்த கம்பி, பிறகு வேகத்தடையில் இடிக்கிறது என்று மேலே வளைத்துக் கட்டப்பட்டிருப்பதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். சிவப்பு ஒளிர்பட்டையின் மேல் சேறு அப்பியிருந்தாலும், முக்கோண எச்சரிக்கைப் பலகை வைக்கப்படவில்லை என்றாலும், அவையும் உங்களுக்குச் சாட்சியமே. மரக்கிளையும் கல்லும் சட்டப்படி எச்சரிக்கை ஆகாது.

கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. லாரியை விடுவித்துவிட்டார்களாம். இனி எதைக் கொண்டு மெய்ப்பிப்பது?

மறுமொழி 3 (இதே போன்ற விபத்தில் தம்பியை இழந்தவர்)

எங்களுக்கும் லாரி கைக்குக் கிடைக்கவில்லை. படங்கள்தாம் உதவின. கிரேன் கொண்டுவந்தவர், 108 ஆம்புலன்ஸ் ஊழியர், சுங்கச்சாவடி ரோந்து வண்டியில் வந்தவர்கள், உள்ளூர் செய்தியாளர் என ஒவ்வொருவராகத் தேடிப் போய்க் கேளுங்கள். யாராவது ஒருவர் கைப்பேசியில் லாரியின் பின்புறம் இருக்கும். ரோந்துப் பதிவேட்டையும் சுங்கச்சாவடிக் கேமராப் பதிவையும் பாதுகாத்து வைக்கும்படி இந்த வாரமே எழுத்து மூலம் கேட்டு, ஒப்புகை பெறுங்கள், ஏனென்றால் கேமராப் பதிவு அழிந்துபோனால் திரும்பக் கிடைக்காது. காவல் நிலையத்தில் பார்வை மகஜர் (விபத்து இடத்தைப் பார்த்து எழுதிய குறிப்பு), அந்த இடத்தின் மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை மூன்றின் நகல்களையும் வாங்குங்கள். வரைபடத்தில் லாரி தடத்துக்குள் நின்றதாகக் குறித்திருந்தால் அது ஒன்றே பெரிய பலம்.

மறுமொழி 1 (வழக்குரைஞர்)

நகல்களைத் தர மறுத்தால், தீர்ப்பாயத்தில் மனு போட்டு ஆவணங்களை வரவழைக்கலாம், ஆய்வாளரைச் சாட்சியாகவும் அழைக்கலாம். இன்னொன்று: கார் மாமாவின் பெயரிலேயே பதிவாகி, ஓட்டுநர் உரிமமும் செல்லுபடியாக இருந்து, பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடும் சேர்ந்திருந்தால், 15 லட்சம் ரூபாயை அவருடைய காப்பீட்டு நிறுவனத்திடம் தனியாகக் கோரலாம். தவறு யாருடையது என்ற கேள்வி அதில் எழாது. காரின் பாலிசியை இன்றே எடுத்துப் பாருங்கள்.