பிள்ளைகளோடு தியேட்டருக்குப் போகும் முன்: ரேட்டிங் பற்றிப் புதிதாக வந்தவர்களுக்கு

தமிழ்ப் படத்துக்கு இந்தியாவில் கிடைத்த சென்சார் சர்டிபிகேட் வெளிநாட்டுத் தியேட்டரில் செல்லாது. வெளிநாட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் அப்பா அம்மாக்கள் முதலில் இதை மனதில் வையுங்கள். பெரும்பாலான நாடுகளில் அந்தந்த ஊர் அமைப்பு படத்தைத் தானே பார்த்து, தன் அளவுகோலில் வகைப்படுத்தும். இந்தியாவில் யு/ஏ வாங்கிய அடிதடிப் படம் பிரிட்டனில் '15' (பதினைந்து வயதுக்குக் கீழே அனுமதி இல்லை) என்ற ரேட்டிங் வாங்குவதும் உண்டு. அப்படி ஆகிவிட்டால், பன்னிரண்டு வயதுப் பிள்ளையோடு போகும் குடும்பம் வாசலிலேயே திரும்ப வேண்டியதுதான்.

நம்மில் பலருக்கு யு/ஏ பழகிப்போன விஷயம். பெரியவர்கள் கூட இருந்தால் போதும், முடிவு பெற்றோர் கையில். 2024-ல் அதை 7+, 13+, 16+ என்று பிரித்த பிறகும் அது பெற்றோருக்கான அறிவுரைதான், தடை இல்லை. ஆனால் "நாங்கள்தான் கூட இருக்கிறோமே" என்ற பேச்சு எல்லா நாட்டிலும் எடுபடாது. பிரிட்டனில் யு, பிஜி, 12ஏ மூன்றுக்கும் சிறுவர்களைக் கூட்டிப்போகலாம். 12ஏ என்றால் பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களோடு பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். 15-க்கு அந்தச் சலுகை கிடையாது. பதினான்கு வயதுப் பிள்ளையை அப்பாவே கையைப் பிடித்துக் கூட்டிவந்தாலும் விட மாட்டார்கள். பார்க்கப் பெரியவனாகத் தெரிந்தாலும் வயதுச் சான்று கேட்கலாம். சிங்கப்பூரில் பிஜி13 வெறும் அறிவுரை. என்சி16, எம்18, ஆர்21 மூன்றும் வயதை வைத்துப் போட்ட பூட்டு.

அமெரிக்காவில் நேர்மாறு. ஆர் என்ற கடுமையான ரேட்டிங் உள்ள படத்துக்குக்கூட, 17 வயது ஆகாதவர் பெற்றோரோடு போகலாம். 1984-ல் வந்த பிஜி-13 கடுமையான எச்சரிக்கை மட்டுமே, யாரையும் நிறுத்தாது. ஆனால் அங்கே ரேட்டிங் வாங்குவது கட்டாயம் இல்லை என்பதால், நம் படங்கள் பல ரேட்டிங் இல்லாமலே வெளியாகின்றன. 'நாட் ரேட்டட்' என்று போட்டிருந்தால் படம் சாதுவானது என்று அர்த்தமில்லை, யாரும் பார்த்துச் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். யாரை உள்ளே விடுவது என்பதில் தியேட்டர்களுக்குச் சொந்த விதிகளும் உண்டு. மாலை ஆறு மணிக்கு மேல் ஆர் படத்துக்கு ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை விடாத பெரிய தியேட்டர் குழுமங்கள் இருக்கின்றன.

ஆஸ்திரேலியாவில் எம், எம்ஏ15+ இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முன்னது அறிவுரை, பின்னது சட்டம். கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் மாறும், கியூபெக் முற்றிலும் தனி.

சரி, உள்ளே விட்டுவிட்டார்கள். பிள்ளைக்கு அந்தப் படம் ஏற்றதா? இதுதான் எனக்கு உண்மையில் முக்கியமாகப் படுகிறது. எழுத்தையும் எண்ணையும் மட்டும் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. அமெரிக்க ரேட்டிங் கெட்ட வார்த்தைகளை எண்ணும் அளவுக்குக் கறாரானது. சண்டைக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் நிர்வாணத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், வன்முறையைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். ஆகவே ரேட்டிங்கின் கீழே ஒரு வரியில் காரணம் போட்டிருப்பார்களே, அதைப் படியுங்கள். ரத்தம், மிரட்டல், பாலியல் வன்முறை, தற்கொலை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கும்.

எந்த நாட்டில் இருந்தாலும் நான் முதலில் பார்க்கச் சொல்வது பிரிட்டிஷ் தணிக்கை அமைப்பான பிபிஎஃப்சியின் இணையதளம். அங்கே திரையிடப்படும் தமிழ்ப் படங்களும் அதில் இருக்கும். பெயரைத் தட்டினால் ரேட்டிங்கோடு எதனால் அந்த ரேட்டிங் என்ற விளக்கமும் வரும். அவர்கள் கணக்கில் யு சுமார் நான்கு வயதிலிருந்து, பிஜி சுமார் எட்டு வயதுப் பிள்ளையைக் கலங்க வைக்காதது. ஆறு வயதுக் குழந்தையோடு போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு ரொம்ப உதவும். ஆனால் ஒன்று, பெரிய நடிகர் படங்களுக்கு ரேட்டிங் வெளியீட்டுக்கு ஓரிரு நாள் முன்புதான் வருவதும் உண்டு. முன்பதிவு அதற்கு முன்பே திறந்துவிடும். முதல் நாள் முதல் காட்சிக்குக் குடும்பத்தோடு டிக்கெட் போடுகிறவர்கள், பணம் திரும்பக் கிடைக்குமா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் இரண்டாம் வாரம் போவது நல்லது என்பது என் கருத்து. அதற்குள் பார்த்தவர்களிடம் விசாரிக்கலாம், எந்த இடத்தில் பிள்ளை பயப்படும் என்று அவர்கள் சொல்வார்கள். நாய்க்குட்டி சாவதைத் தாங்காத குழந்தையும் உண்டு, பேய்க்குச் சிரிக்கும் குழந்தையும் உண்டு. அது எந்தத் தணிக்கைக் குழுவுக்கும் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.

வீட்டில் ஓடிடி பார்ப்பவர்கள், பிள்ளைக்குத் தனி புரொஃபைல் போட்டு வயது வரம்பு வையுங்கள். உங்கள் புரொஃபைலுக்கும் பின் நம்பர் போட மறக்காதீர்கள். இல்லையென்றால் ஒரு தட்டில் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். டிவி-14, டிவி-எம்ஏ என்றெல்லாம் வருவது அமெரிக்கத் தொலைக்காட்சிக் கணக்கு, அதில் எம்ஏ பெரியவர்களுக்கானது.

பிறந்தநாளுக்கோ விடுமுறையிலோ பிள்ளையின் பள்ளி நண்பர்களையும் கூட்டிப்போவதாக இருந்தால், படத்தின் பெயரையும் ரேட்டிங்கையும் அவர்கள் வீட்டுக்கு முன்கூட்டியே அனுப்பி, சரி என்று பதில் வந்த பிறகு டிக்கெட் போடுங்கள். நம் வீட்டில் 12ஏ சாதாரணமாக இருக்கலாம், அந்த வீட்டில் பிஜிக்கு மேல் அனுமதி இல்லாமல் இருக்கலாம்.